நற்செய்தி சொல்வதும் மதம் மாற்றுவதும் ஒன்றுதானா?

கல்லூரியில் படித்த காலத்தில், ஓர் ஆடி அமாவாசை அன்று, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் நின்று, இயேசுவைப் பற்றிய அச்சிட்ட துண்டுத்தாளான கைப்பிரதி கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் பிறப்பால் கத்தோலிக்கன். தீவிலேயே ஒரு மீனவக் குடும்பத்தில் வளர்ந்தவன். அந்த வருடம் நண்பன் ஒருவன் அழைத்துப் போனதால் ஒரு ஜெபக்குழுவில் சேர்ந்திருந்தேன். விடிவதற்கு முன்பே கரையில் கால் வைக்க இடமில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றபடி எள்ளும் தண்ணீரும் இறைத்து மக்கள் தங்கள் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தார்கள்.

ஈர வேட்டியோடு கரையேறிய பெரியவர் ஒருவரிடம் ஒரு பிரதியை நீட்டினேன். மறுக்காமல் வாங்கினார். விரல்களில் கறுப்பு எள் ஒட்டியிருந்தது. தாள் நனைந்துவிடக் கூடாது என்று ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நான்கு பக்கத்தையும் படித்தார். நான் கொடுத்த பிரதியை என் எதிரிலேயே முழுதாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். படித்து முடித்து, "தம்பி, எங்கள் அம்மா தவறி மூன்று வருடம் ஆகிறது. அவர்களுக்குத்தான் இப்போது தண்ணீர் விட்டுவிட்டு வருகிறேன். இதில் போட்டிருக்கிறபடி பார்த்தால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

கடைசிப் பக்கத்தில் என்ன அச்சாகியிருந்தது என்று எனக்குத் தெரியும். இயேசுவை ஏற்றுக்கொள்ளாமல் இறந்தவருக்கு அணையாத அக்கினிதான் என்று அதில் இருந்தது. என்னால் வாய் திறக்க முடியவில்லை. அவர் தாளை மடித்து என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம் ஆடப் போகும் வரிசையில் போய் நின்றுகொண்டார். முகத்தில் கோபம் இல்லை.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கிறிஸ்தவர்கள் ஏன் மற்றவர்களிடம் தங்கள் நம்பிக்கையைச் சொல்கிறார்கள், மற்றவர்கள் மாறியே ஆக வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது, அந்த எண்ணத்தைக் கிறிஸ்தவர்களே எப்படி மறுபடி யோசித்து வருகிறார்கள் என்பதை, இதைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

சொற்களிலிருந்து தொடங்குவோம்

சுவிசேஷம், நற்செய்தி இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லின் தமிழ்கள். 'யூவாங்கேலியோன்' என்பது அந்தச் சொல். நல்ல சேதி என்று பொருள். போரில் வென்றோம், அரச குடும்பத்தில் வாரிசு பிறந்திருக்கிறது என்பது போன்ற சேதிகளுக்கு ரோமப் பேரரசில் அந்தச் சொல் வழங்கியது. சேதி கேட்டவர் மகிழலாம், நம்பாமல் போகலாம், "அப்படியா" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம். சேதி சொன்னவரின் கடமை சொல்வதோடு முடிந்தது.

அடுத்து 'மனந்திரும்புங்கள்' என்பது. கலிலேயாக் கடற்கரையில் இயேசு பேசத் தொடங்கியபோது சொன்ன முதல் சொற்களில் ஒன்று. கிரேக்கத்தில் 'மெட்டனோயா', அதாவது எண்ணத்தைத் திருப்பிக்கொள்வது. கேட்டவர்கள் யூதர்கள், சொன்னவரும் யூதர். 'கிறிஸ்தவர்' என்ற பெயரே அப்போது கிடையாது. அந்தப் பெயர் அந்தியோகியா பட்டணத்தில்தான் முதலில் வழங்கியது என்று பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் நூல் 11ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. ஆகவே மனந்திரும்புங்கள் என்று கேட்ட மீனவர்களுக்கு 'உங்கள் மதத்தை விட்டுவிட்டு வேறொன்றில் சேருங்கள்' என்று அது காதில் விழுந்திருக்க வழியில்லை. 'மதமாற்றம் வேண்டாம், மனமாற்றம் போதும்' என்று இன்று மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். நல்ல வாசகம்தான். ஆனால் அதைச் சொன்ன மேடையிலேயே, கூட்டம் முடிந்ததும் பெயர் பதியும் நோட்டுப் புத்தகத்தை நானே சுமந்திருக்கிறேன். அதனால் வாசகத்தை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் கிறிஸ்தவரானால் 'வேதத்தில் சேர்ந்துவிட்டார்' என்பார்கள். கிறிஸ்தவர்கள் 'வேதக்காரர்கள்', தேவாலயம் 'வேதக்கோயில்'. இந்தச் சொற்களில் உறுத்தல் எதுவும் இல்லை. உறுத்துகிறவை வேறு இரண்டு. பழைய கத்தோலிக்கத் தமிழில் மற்ற சமயத்தாருக்கு வழங்கிய பெயர் 'அஞ்ஞானி'. ஞானம் இல்லாதவர் என்று பொருள். எங்கள் பாட்டி அடுத்த வீட்டு இந்துக் குடும்பத்தை வாய் நிறைய 'அஞ்ஞானி வீடு' என்பார். அதே வீட்டுக்குத்தான் முதல் மீன்குழம்புக் கிண்ணமும் போகும். வெறுப்பில் சொன்ன சொல் அன்று, பழக்கத்தில் வந்த சொல். இருந்தாலும் அந்தச் சொல் ஒரு தீர்ப்பைச் சுமந்துகொண்டுதான் அந்த வீட்டு வாசலுக்குப் போனது. மற்றது, ஜெபக்குழுவில் நான் கற்றுக்கொண்ட 'ஆத்தும ஆதாயம்'. எத்தனை ஆத்துமாக்களை ஆதாயம் செய்தாய் என்று வாராவாரம் கேட்பார்கள். நான் சந்தித்த மனிதர்களை அந்தக் கணக்கில் எண்ணிய நாட்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

மாறியே ஆக வேண்டும் என்ற எண்ணம் வந்த வழி

மத்தேயு நற்செய்தியின் கடைசி வரிகளில் உயிர்த்த இயேசு சீடர்களிடம், "நீங்கள் புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி" ஞானஸ்நானம் கொடுங்கள் என்கிறார். 'ஜாதிகள்' என்பது பழைய மொழிபெயர்ப்பு. இன்றைய கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பில் 'எல்லா மக்களினத்தார்'. நற்செய்திப் பணி செய்கிற யாரும் முதலில் காட்டுவது இந்த வசனத்தை. அடுத்துக் காட்டுவது யோவான் 14ஆம் அதிகாரத்தில் வரும் "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற வசனம். இந்த இரண்டும் கிறிஸ்தவ நம்பிக்கையின் மையத்தில் இருப்பவை. இவற்றை ஒதுக்கிவிட்டு மறுபரிசீலனை பேசுவது நேர்மையாகாது.

ஆனால் இந்த வசனங்களிலிருந்து 'சேராதவர் அனைவரும் நரகத்துக்கு' என்ற முடிவுக்கு ஒரே எட்டில் போய்விடவில்லை. 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியன், திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்று எழுதினார். அவர் கண்முன் இருந்தது சபைக்குள் நடந்த பிளவு. பிரிந்து போகிறவர்களை எச்சரித்தார். காலப்போக்கில் அந்த எச்சரிக்கை சபையின் எல்லையைத் தாண்டி உலகம் முழுவதற்குமான தீர்ப்பாகிவிட்டது. 1442இல், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய அவையான ஃபிளாரன்ஸ் பொதுச்சங்கம், பிற சமயத்தாரும் யூதர்களும் சபையிலிருந்து பிரிந்தவர்களும் சாவதற்கு முன் திருச்சபையோடு சேராவிட்டால் நித்திய நெருப்புக்குத்தான் போவார்கள் என்று வெளிப்படையாகவே அறிவித்தது.

அதற்கு நூறு ஆண்டு கழித்து, அந்தப் போதனையை முழுதாக நம்பிய ஒருவர் நம் கடற்கரைக்கு வந்தார். பிரான்சிஸ் சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் இறங்கி, அந்த வருடக் கடைசியில் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். தமிழ் தெரியாதவர். தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களைக் கூட்டினார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கைகள் ஓய்ந்துபோகின்றன என்று 1544இல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அந்த அவசரத்தின் அடியில் பெரும் இரக்கம் இருந்தது. ஒவ்வொரு நாளும் ஆத்துமாக்கள் அழிகின்றன என்று உண்மையிலேயே நம்புகிறவன் எப்படித் தூங்குவான்?

அதே சவேரியார் இங்கிருந்து கிழக்கே போய் ஜப்பானில் பணி செய்தார். அங்கே நடந்ததை 1552இல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவரிடம், செத்துப்போன எங்கள் பெற்றோரும் பிள்ளைகளும் முன்னோரும் என்ன ஆவார்கள் என்று கேட்டார்கள். ஜெபத்தாலும் தானத்தாலும் அவர்களை மீட்க முடியாதா என்று கெஞ்சினார்கள். முடியாது என்று அவர் சொன்னார். அவர்கள் அழுதார்கள். தம் அன்புக்குரியவர்கள் அப்படி அழுவதைப் பார்த்துத் தமக்கும் துக்கமாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

இந்தக் கடிதத்தைப் பற்றி நான் படித்தபோது அக்னி தீர்த்தக் கரையில் நின்ற பெரியவர்தான் நினைவுக்கு வந்தார். கிட்டத்தட்ட நானூற்றைம்பது வருட இடைவெளியில், இரண்டு கடற்கரைகளில், ஒரே கேள்வி. 'மற்றவர்கள் மாற வேண்டும்' என்ற கொள்கையைப் புத்தகத்தில் வாதிடும்போது சிக்கல் எதுவும் தெரிவதில்லை. செத்துப்போன ஒருவருடைய அம்மாவை அதன் முன் நிறுத்தும்போதுதான் அது என்ன சொல்கிறது என்பது முழுதாகத் தெரிகிறது.

தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. 1964 டிசம்பர் புயலில் ஊரோடு போனது அது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலும் அந்த இரவில்தான் பயணிகளோடு கடலுக்குள் போனது. அதில் இருந்தவர்களில் யார் எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? 1442ஆம் வருட அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவர்களுக்குப் பக்கத்தில் நின்று அவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்க்க என் மனம் துணியவில்லை.

நம் கடற்கரையில் நடந்தது

இங்கே கிறிஸ்தவம் வந்த கதையை 'அன்பினால் வந்தது' என்று சிலரும் 'ஆசை காட்டி வந்தது' என்று சிலரும் ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். நடந்தது அத்தனை எளிதானது அன்று.

சவேரியார் வருவதற்கு முன்பே, 1530களில், முத்துக்குளித்துறைப் பரவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிப்பு உரிமைக்காக நடந்த மோதலில் அவர்களுக்குக் கடலில் ஒரு காவல் தேவைப்பட்டது. போர்த்துக்கீசியருக்கு முத்து தேவைப்பட்டது. ஞானஸ்நானம் அந்த உடன்பாட்டின் முத்திரையாக இருந்தது. அப்படித் தொடங்கிய சமூகம் பின்னர் அந்த நம்பிக்கையைத் தன் ரத்தத்தோடு கலந்து, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியது என்பதும் உண்மை. தொடக்கத்தில் அரசியல் இருந்தது என்பதால் பின்னர் வந்த பக்தி பொய்யாகிவிடாது.

மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில் வேதாளை இருக்கிறது. அங்கே 1549இல் அந்தோனியோ கிரிமினாலி என்ற இயேசு சபைத் துறவி கொல்லப்பட்டார். அந்தச் சபையின் முதல் ரத்தசாட்சி என்று அவரைச் சொல்வார்கள். ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களிடம் போர்த்துக்கீசியப் படைத்தலைவர் வரி வசூலித்ததுதான் அந்தச் சண்டையைக் கிளப்பியது. வரி வாங்கியவர் ஒருவர், உயிர் கொடுத்தவர் இன்னொருவர். நற்செய்தியும் துப்பாக்கியும் ஒரே கப்பலில் வந்து இறங்கியதன் விலை அது.

திருவாடானைப் பக்கம் பாம்பாற்றங்கரையில் ஓரியூர். அங்கே 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ தலை வெட்டப்பட்டு இறந்தார். லிஸ்பனில் பிறந்து, பண்டார சுவாமியாகக் காவி உடுத்து மறவர் நாட்டில் நடந்தவர். 1686இல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு விடுதலையானவர். ஐரோப்பாவுக்குப் போய்விட்டு, மறுபடி இங்கேயே வந்தார். அவர் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சிறுவயதில் ஓரியூர்ச் செம்மண்ணை எங்கள் அம்மா என் நெற்றியில் பூசியிருக்கிறார். அந்த மண் அவர் ரத்தத்தால் சிவந்தது என்பது எங்கள் நம்பிக்கை.

அவர் மரணத்துக்குக் காரணமாக அமைந்த நிகழ்ச்சியை மட்டும் மறைக்கல்வி வகுப்பில் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். தடியத்தேவர் என்ற பாளையத் தலைவர் நோயிலிருந்து பிழைத்து, அருளானந்தரிடம் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. மற்ற மனைவியரை அவர் விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவர் நாட்டு அரசர் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவர் அரண்மனையில் போய் முறையிட்டார். கிழவன் சேதுபதியின் கோபம் அங்கிருந்துதான் எழுந்தது.

தடியத்தேவரின் ஆத்துமத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்பட்டார்கள். நேற்று வரை மனைவியாக இருந்து இன்று வெளியே நிறுத்தப்பட்ட அந்தப் பெண்கள் அன்று இரவு எங்கே படுத்தார்கள் என்று எந்த வகுப்பிலும் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. ஒரு மனிதன் 'மாறுவது' அவன் ஒருவனோடு முடிவதில்லை என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். மாறச் சொல்கிறவர், அந்த மாற்றத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

இன்று ஓரியூருக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்களில் இந்துக் குடும்பங்கள் ஏராளம். செம்மண்ணைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துப்போய்த் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். யாரும் அவர்களைத் தடுப்பதில்லை. ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் போகிறவர்களிலும் எல்லாச் சமயத்தாரும் உண்டு. அப்துல் கலாம் தம் சிறுவயது ராமேஸ்வரத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு காட்சியைச் சொல்வார்: இமாமாக இருந்த அவருடைய தந்தையும், ராமநாதசுவாமி கோயிலின் பட்சி லட்சுமண சாஸ்திரிகளும், தீவில் தேவாலயம் கட்டிய பாதிரியாரும் ஒன்றாக உட்கார்ந்து ஊர்ப் பிரச்சினைகளைப் பேசித் தீர்ப்பார்கள். மூவரும் தங்கள் தங்கள் நம்பிக்கையில் உறுதியானவர்கள்.

மூன்று பதில்கள்

பிற சமயத்தாரைப் பற்றிக் கிறிஸ்தவச் சிந்தனையில் மூன்று விதமான பதில்கள் உண்டு என்று பொதுவாகப் பிரித்துச் சொல்வார்கள். முதலாவது, கிறிஸ்துவை அறிந்து ஏற்றவருக்கு மட்டுமே மீட்பு. என் கைப்பிரதி சொன்னது அதைத்தான். இரண்டாவது, மீட்பது கிறிஸ்துதான், ஆனால் தம்மை அறியாதவரையும் அவர் மீட்க முடியும். மூன்றாவது, கடவுளிடம் போகும் வழிகள் பல; கிறிஸ்தவம் அவற்றில் ஒன்று.

கத்தோலிக்கத் திருச்சபை முதல் பதிலிலிருந்து இரண்டாவதற்கு நகர்ந்தது 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில். தன் குற்றத்தால் அல்லாமல் நற்செய்தியை அறியாமல் இருந்து, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின்படி நடக்கிறவரும் மீட்படைய முடியும் என்று 1964இல் சங்கம் ஏற்றது. 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட அறிக்கையில் இந்து சமயம், பௌத்தம், இஸ்லாம், யூதம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இச்சமயங்களில் உண்மையும் தூயதுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்றது. அதே சங்கம் அதே ஆண்டு டிசம்பரில், நற்செய்தி அறிவிப்பது திருச்சபையின் இயல்பு என்றும் அறிவித்தது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆயினும் 1442ஐயும் 1964ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, மாறாதது என்று நினைத்த போதனை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

ரோமில் சங்கம் கூடுவதற்கு வெகு முன்பே இந்தக் கேள்வி சென்னையில் எழுந்துவிட்டது. 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு கூடியது. பிற சமயங்களுக்கும், கிறிஸ்துவில் கடவுள் தம்மை வெளிப்படுத்தியதற்கும் நடுவே தொடர்ச்சி இல்லை என்று ஹாலந்து நாட்டு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் வாதிட்டார். அவருக்குப் பதில் சொன்னவர்கள் நம் ஊர்க் கிறிஸ்தவர்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்த பி. செஞ்சையா அவர்களில் முக்கியமானவர். இயேசுவின் வழியாக ஒரு புதிய வாழ்வு பூமியில் பிறந்திருக்கிறது, அந்த வாழ்வுதான் முக்கியம், சபை என்ற அமைப்பு அதற்கு அடுத்ததுதான் என்பது அவர் எண்ணம். அவரும், அவரைப் போலவே சிந்தித்த வி. சக்கரையும் இந்துவாகப் பிறந்து கிறிஸ்துவை ஏற்றவர்கள். தாங்கள் விட்டுவந்த வீட்டை இருட்டு என்று சொல்ல அவர்கள் மறுத்தார்கள்.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியாவையும் நினைக்கிறேன். 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் அவர் பேசியது வெள்ளைக்கார மிஷனரிகள் இந்தியக் கிறிஸ்தவர்களை நடத்திய விதத்தைப் பற்றி. நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அசரியா நற்செய்திப் பணியில் தீவிரமானவர், பிற்பாடு ஆயரானவர். ஆனாலும் அந்தப் பேச்சை இன்று நான் படிக்கும்போது, மேலேயிருந்து கீழே கொடுக்கிற எந்த அன்பும் அதில் அடிபடுவதாகவே தோன்றுகிறது. எனக்கு இருக்கிறது, உனக்கு இல்லை என்று தொடங்கும் பேச்சில் நட்பு எப்படி முளைக்கும்?

வலை

"உங்களை மனுஷரைப் பிடிக்கிறவர்களாக்குவேன்" என்று இயேசு மீனவர்களிடம் சொன்னதை எங்கள் ஊர்த் திருவிழாப் பிரசங்கத்தில் வருடம் தவறாமல் கேட்கலாம். எங்கள் வீட்டில் வலை உண்டு. வலையில் ஏறிய மீன் ஐஸ் பெட்டிக்குப் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே சிறுவயதில் அந்த வசனம் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. லூக்கா நற்செய்தியில் இதே இடத்தில் வரும் கிரேக்கச் சொல்லின் பொருள் 'உயிரோடு பிடிப்பது', அதாவது உயிரைக் காப்பது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வலையில் கடற்பசு மாட்டினால் எங்கள் பக்கத்து மீனவர்கள் வலையை அறுத்து அதை விட்டுவிடுவார்கள். வலை நஷ்டம்தான். அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் அறுபட்ட வலைதான் எனக்குக் கண்ணில் தெரிகிறது.

நற்செய்தி நூல்களை இந்தக் கண்ணோடு மறுபடி படித்தால் பல இடங்கள் புதிதாகத் தெரியும். ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி ஒருவன் தன் வேலைக்காரனுக்காகக் கெஞ்சுகிறான். இஸ்ரவேலருக்குள்ளும் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காணவில்லை என்று இயேசு வியக்கிறார். அவன் தெய்வங்களை விடச் சொல்லவில்லை. "நீ போகலாம்" என்று வீட்டுக்கு அனுப்புகிறார். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய, யூதர்கள் ஒதுக்கி வைத்த இனத்தவனான சமாரியன் கதையில் சமாரியன் சமாரியனாகவே இருக்கிறான், கேட்டவர்களுக்கு அவனே முன்மாதிரி. கொர்நேலியு என்ற அந்நியனின் வீட்டுக்குள் நுழைந்த இயேசுவின் சீடர் பேதுரு, தேவன் பட்சபாதமுள்ளவரல்ல, எந்த ஜனத்திலாயினும் நீதியைச் செய்கிறவன் அவருக்கு உகந்தவன் என்கிறார். அந்தக் கதையின் முடிவில் கொர்நேலியு ஞானஸ்நானம் பெறுகிறான் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் முதலில் மனம் மாறியவர் பேதுரு.

இன்னும் ஒரு வசனம் இருக்கிறது. ஜெபக்குழுவில் ஒரு நாளும் இதை வாசித்ததில்லை. மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இயேசு, யூதச் சமயக் குழுவினரான பரிசேயரைப் பார்த்து, ஒருவனை உங்கள் மார்க்கத்தானாக்கும்படி சமுத்திரத்தையும் பூமியையும் சுற்றித்திரிகிறீர்கள் என்று கடிந்துகொள்கிறார். ஆள் சேர்ப்பதே குறியாகிவிட்ட பக்தியை அவர் கண்டிருக்கிறார், அதற்கு 'ஐயோ' என்றும் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் யாரும் மாறக் கூடாதா?

இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். மற்றவர்கள் மாறியே ஆக வேண்டும் என்ற என் பதற்றம் ஒன்று. மாற விரும்புகிற ஒருவரின் உரிமை முற்றிலும் வேறு. முன்னதை விடச் சொல்கிறேன் என்பதால் பின்னதில் யாரும் கை வைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் தெருவில் செருப்பு போட்டு நடக்கவும் தடுக்கப்பட்டவர்கள், தங்களைப் பெயர் சொல்லி அழைத்து, பக்கத்தில் உட்கார வைத்து, எழுத்துச் சொல்லிக் கொடுத்த இடத்துக்குப் போனார்கள். அதை ஆசை காட்டியது என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவியதும் மதமாற்றம்தான். அது மனிதனாக நிமிர்ந்து நிற்பதற்கான வழி. போன இடத்திலும் சாதி துரத்தியது என்பது எங்கள் சபைகளின் வெட்கம். தனி வரிசை, தனிக் கல்லறை என்று நாங்களே வைத்திருந்தோம். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவரானால் 1950ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி அந்தப் பட்டியலின் உரிமைகளையும் இழக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004இல் திரும்பப் பெறப்பட்டது. ஒருவர் மனத்தில் நடப்பதைக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை. நான் பேசும் மறுபரிசீலனை கிறிஸ்தவர்கள் தாங்களே செய்துகொள்ள வேண்டியது. அரசு செய்து தரக் கூடியது அன்று.

அப்படியானால் கிறிஸ்தவருக்கு மிச்சம் இருப்பது என்ன? நிறையவே இருக்கிறது. 2011இல் உலகத் திருச்சபைகள் மாமன்றமும் வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும் உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பும் சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டன. சாட்சி சொல்வதை அது விடச் சொல்லவில்லை. ஏமாற்றும் வற்புறுத்தலும் நற்செய்திக்கு விரோதம் என்றது. ஏழ்மையைப் பயன்படுத்திக்கொண்டு உதவியைத் தூண்டிலாக்கக் கூடாது என்றது. அது சொல்லும் அளவுக்கு மட்டும் எல்லோரும் நடந்தாலே பாதிப் புண் ஆறிவிடும். நான் இன்னும் கொஞ்சம் தூரம் போக விரும்புகிறேன். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும்போது மருந்தைப் பற்றிப் பேசுவோம். யாராவது 'உங்கள் சாமி எப்படி' என்று கேட்டால் மனம் திறந்து சொல்வோம். சொல்லிவிட்டு அவர்கள் சாமியைப் பற்றியும் கேட்போம், பதில் சொல்லும்போது குறுக்கே பேசாமல் இருப்போம். அவர்கள் இறந்தவர்களைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

எனக்கு இயேசுவை விட்டுவிடத் தோன்றியதே இல்லை. பிரதி கொடுப்பதை நிறுத்தியபோது விசுவாசம் போய்விட்டது என்று ஜெபக்குழுவில் வருந்தினார்கள். ஞாயிறு பூசைக்குப் போகிறேன். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகு போகும் வருடங்களில் பெயர் கொடுக்கிறேன். ஜெபமாலை சொல்கிறேன். முன்பு ஜெபிக்கும்போது பக்கத்து வீடுகளின் பெயர்களை 'இரட்சிக்கப்பட வேண்டியவர்கள்' என்று எழுதி வைத்திருந்தேன். இப்போதும் அதே பெயர்களைச் சொல்லித்தான் ஜெபிக்கிறேன். இன்னார் மகளுக்குக் கல்யாணம் நல்லபடி முடியட்டும், இன்னார் படகு பத்திரமாகக் கரை சேரட்டும் என்று.

சென்ற நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அப்பாவின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். கடற்காற்றில் அது அணைந்துகொண்டே இருந்தது. அப்பாவோடு ஒரே படகில் இருபது வருடம் போன அண்ணன் ஒருவர், இந்து, வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் குவித்துத் திரிக்கு மறைப்பாக வைத்துக்கொண்டார். "உங்கள் முறையில் என்ன சொல்ல வேண்டும், தம்பி?" என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். "ஆண்டவரே, நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும், முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக." அவரும் மெதுவாகச் சொன்னார். சற்று நேரம் கழித்து, "எங்கள் அம்மா பெயரையும் சேர்த்துக்கொள்" என்றார். பெயரைக் கேட்டு, அப்பா பெயருக்கு அடுத்து அதைச் சொல்லி, ஜெபத்தை முதலிலிருந்து மறுபடி தொடங்கினேன்.